இரண்டரை வரி

கல்முனை டிப்போவில் நேரக்காப்பாளன் நான்.
பஸ் வந்த நேரமும் போன நேரமும்
கோடு போட்ட கொப்பியில் எழுதுவது தொழில்.
வீட்டில் சேர்த்து வைத்திருப்பதோ
கோச்சிப் புத்தகங்கள்.
தண்டவாளமே வராத ஊரில்
இதென்ன விசர் என்று கேட்காத ஆளில்லை.
றிஸ்மியா மட்டும் கேட்பதில்லை.
அலுமாரியின் மேல்தட்டு என் சேலைகளுக்கு
என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

முப்பத்தொரு புத்தகம்.
தோல் அட்டை, துணி அட்டை, அட்டையே போனது.
யானை சுட வந்தவர், பாலம் போட அளந்தவர்,
சும்மா உடம்பு தேறட்டும் என்று கப்பலேறியவர்,
எல்லோரும் இந்தக் கரையால் போயிருக்கிறார்கள்.
எங்களூருக்குக் கிடைத்தது இரண்டரை வரி.

“இரவு ஓடத்தில் கடந்தோம். நுளம்பு.”
அது ஒன்று.
“தென்னை, தென்னை, மறுபடியும் தென்னை.”
அது மற்றது.
“இங்கே நான் கண்ட மனிதர்கள்”
என்று தொடங்கியதை
இராமபாணம் தின்றுவிட்டது.
வெயிலில் பிடித்து, கண்ணாடி வைத்து,
பின்பக்கத்து மையை முன்பக்கமாய் வாசித்து
இரண்டு கிழமை பார்த்தேன்.
எங்களைப் பற்றி அவர் நினைத்தது
ஒரு பூச்சிக்குத் தெரியும்.

பனிக்கடலுக்குப் போனவரின் புத்தகம் ஒன்றும் உண்டு.
கடல் வந்த நாளில் அது கீழ்த்தட்டில் இருந்தது.
எவ்வளவு காயவைத்தும்
எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் பிரியவில்லை.
எண்பத்தேழில் கப்பல் பனிக்கட்டிக்குள் இறுகுகிறது.
தொண்ணூறில் மாலுமிகள் கரையில் இருந்து
தேத்தண்ணி குடிக்கிறார்கள்.
கத்தி விட்டுப் பிரிக்கலாம்.
எங்கள் ஒழுங்கையில் யாரும்
அந்த நாளுக்குக் கத்தி வைப்பதில்லை.
நானும் வைக்கவில்லை.

போன மாசியில், மட்டக்களப்பு சின்ன உப்போடையில்
ஐரீன் ரொசைரோ வீட்டை விற்கிறா என்று அறிந்து
லீவு போட்டுப் போனேன்.
மாமனார் கோச்சி கார்ட். அவருடைய தகரப் பெட்டி.
அடியில் ஒரு நேர அட்டவணை,
சிவப்பு அட்டை, முதுகு விட்டுப்போயிருந்தது.
மூவாயிரம் என்றா. இரண்டு என்றேன்.
“மிஸ்டர் முபீத், நீங்க வாங்கினதெல்லாம்
அலுமாரியில இருந்த புத்தகம்.
இது ஓடின புத்தகம்.”
மூவாயிரம் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸிலேயே திறந்தேன்.
ஓரமெல்லாம் பென்சில்.
வெலிக்கந்தை, நாற்பது நிமிடம், யானை.
புனானை, ஒரு மணித்தியாலம், காரணம் சொல்லவில்லை.
வாழைச்சேனை, சரியான நேரம், மூன்று அடிக்கோடு.
கல்குடா, பதினொரு நிமிடம், கிறொசிங்,
எதிர்வண்டிக்கு வழிவிட்டு நின்றோம்.
அச்சடித்த நேரம் நடுவில்,
நடந்த நேரம் ஓரத்தில்.
இருபத்தாறு வருடமாய் நானும்
இதைத்தானே எழுதுகிறேன்.
முகம் தெரியாத அந்த மனிதனுக்குப் பக்கத்தில்
களுவாஞ்சிக்குடி வரை இருந்து வந்தேன்.

கடைசித் தாளை அங்கேதான் புரட்டினேன்.
மட்டக்களப்போடு அச்சு முடிந்துவிட்டது.
கீழே வெள்ளையில், அதே பென்சில், அதே சாய்வு:

காத்தான்குடி 5.52
களுவாஞ்சிக்குடி 6.31
கல்லாறு 6.47
கல்முனை 7.12

பக்கத்தில் தாமதத்துக்கென்று ஒரு கோடு கீறி
வெறுமையாய் விட்டிருந்தார்.

இன்று காலை
பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்
ஏழு ஐந்துக்கு வந்தது.
ஏழு பத்துக்கு எடுக்க வேண்டும்.
நல்லரெத்தினம் ஹோர்ன் அடித்தான்.
நான் சீட்டை நீட்டவில்லை.
“என்ன நானா, யாரைப் பார்க்கிற?”
“கிறொசிங்” என்றேன்.
அவன் றோட்டை எட்டிப் பார்த்தான்.
வடக்கே ஒரு மாடு, ஒரு ஐஸ் லொறி.

பன்னாங்கீரைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு
ஒரு பெண் சந்தைப் பக்கமிருந்து ஓடிவந்தாள்,
ஏறினாள், மூச்சு வாங்கினாள்.
ஏழு பன்னிரண்டு.
சீட்டைக் கொடுத்தேன்.