கொட்டை நீக்கம்

போன ஜூனில் வந்த அந்த இன்வாய்ஸுக்கு
வைரஸ் ஸ்கேன் பச்சை டிக் போட்டிருந்தது.
வாடிக்கையாளர் பெயர், முத்திரை,
வழக்கமாய் விடும் எழுத்துப்பிழைகூட அவருடையதே.
ஜெயசீலி திறந்தாள். அக்கவுண்ட்ஸில் அது அவள் வேலை.
இரண்டு நாள் எடைமேடை வாய் திறக்கவில்லை.
காவேரிப்பட்டணம் ரோட்டில் நாற்பத்தோரு லாரி;
தார்ப்பாய்க்குக் கீழே பெங்களூரா புளித்து
கள்ளுக்கடை மாதிரி நாறியது.

பிறகுதான் இந்த மென்பொருள் வந்தது.
"இது திருடனைப் பிடிக்குமா?" என்றார் முதலாளி.
பிடிக்காது சார், யாரையும் தேடவே தேடாது.
வருகிற ஃபைல் எதுவானாலும் பிரித்துப் போடும்.
தெரிந்த எழுத்தை, எண்ணை, படத்தை மட்டும் பொறுக்கி
வேறொரு வெற்றுத்தாளில் முதலிலிருந்து எழுதும்.
நம் கைக்கு வருவது அந்தத் தாள்.
புரியாமல் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே கொட்டை நீக்கும் எந்திரம் ஓடியது.
சார், பிஞ்சிலேயே முட்டையிட்ட வண்டு
கொட்டைக்குள் இருந்து வளரும்; தோலில் ஒரு புள்ளி தெரியாது.
பழம் பழமாய்த் தட்டியா பார்க்கிறோம்?
எல்லாக் கொட்டையும் வெளியே.
வண்டு இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.
"செக் போடச் சொல்றேன்," என்றார்.

இந்த சீசனில் நாளுக்கு அறுநூறு ஃபைல்.
மேக்ரோ போகும், ஒளித்த ஷீட் போகும்,
கட்டத்தின் மூலையில் சிவப்பாய்த் துருத்தும்
குறிப்புகளும் போகட்டுமென்று
ஒரு டிக் வைத்தவள் நான்தான்,
சாப்பாட்டு மணி அடித்த அவசரத்தில்.

நேற்றிரவு பதினொன்றே முக்காலுக்கு
நீக்கியவற்றின் பட்டியலைச் சும்மா உருட்டினேன்.
சந்தூர் மண்டி, லோடு கணக்கு.
மேக்ரோ இல்லை. குறிப்பு: ஒன்று.
ஏனோ உறுத்தியது.
நெட்வொர்க் வயர் பிடுங்கிய பழைய மடிக்கணினியில்
மூலத்தைத் திறந்தேன்.

"பதினேழாவது லோடு கார்பைடு கல்லில் பழுத்தது.
அரைக்காதீங்க. ஓனருக்குத் தெரியாம எழுதறேன்,
என் பேரு வெளிய வேணாம்."

அதற்கு மேலேயே, தடித்த எழுத்தில்,
கேட்காமலே எக்செல் போட்டுவைத்த பெயர்:
நவ்ஷீன்.

ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றது.
பதினேழு கூழாகி, சூடாகி,
இருபத்தாறு டிரம்மில் ஆறிக்கொண்டிருந்தது.
நல்ல மணம். நல்ல நிறம்.
ஷிஃப்ட் இன்ஜினியர் திம்மராயன்
லேபிள் ஒட்டிக்கொண்டே, "யாரு சொன்னா?" என்றார்.
முதலில் சோதனைக்கு அனுப்புங்க, என்றேன்.
"அதான், யாரு சொன்னா?"
சிஸ்டம், என்றேன்.

டிரம்கள் ஓரமாய் நிற்கின்றன, சிவப்புக் கயிறு கட்டி.
அந்த டிக்கை எடுக்கலாமா என்று
காலையிலிருந்து பார்க்கிறேன்.
எடுத்தால் அடுத்த குறிப்பு வரும்,
பெயரோடு வரும். ஜெயசீலி படிப்பாள்,
மேனேஜர் படிப்பார், சந்தூருக்குப் போன் போடுவார்.
மூலங்களை முப்பது நாள் வைத்திருக்க வேண்டும்.
நான் எழுதிய விதி, மூன்றாம் பத்தி.
நவ்ஷீனின் ஃபைலை இப்போதே அழித்தேன்.
டிக் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
இனி தினமும் ராத்திரி
நீக்கியதை நானே உட்கார்ந்து படிக்க வேண்டும்.