என்ன கலர்

விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடி ஜவுளிக் கடை.
இரண்டாம் மாடி, காட்டன் பிரிவு, நான்.
பதினோரு வருடம்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்
ராமர் பச்சைக்கும் பாசிப் பச்சைக்கும் நடுவே
எத்தனை பச்சை என்று.
அரக்கு வேறு, மெரூன் வேறு.
வெங்காயக் கலர் கேட்டால்
உரித்ததா உரிக்காததா என்பேன்.

இந்த ஒன்றுக்கு மட்டும் பேர் இல்லை.
அம்மாவிடம் "அங்கே."
மருந்துக்கடைப் பையனிடம் அதுவும் இல்லை,
பழைய டியூபின் காலி அட்டையை நீட்டுவேன்.
முகம் பார்க்காமல் காக்கிக் கவரில் போட்டு
ஸ்டேப்ளர் அடித்துத் தருவான்.
இரண்டு ராத்திரியில் அரிப்பு நிற்கும்.
நின்றதும் டியூப் பீரோவுக்குள் போகும்.

தையில் வந்தது. பங்குனியில் வந்தது.
சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில்
காலோடு கால் பின்னிக்கொண்டு
அறுபது புடவை பிரித்துப் போட்டேன்.

சூடு என்றாள் அம்மா, வெந்தயம் ஊறவைத்தாள்.
சுத்தம் பத்தாது என்றாள் நாத்தனார்.
டெட்டால் ஊற்றிக் கழுவினேன்.
எரிந்தது.
எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்தேன்.
வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை,
பாயைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.
அந்த ஒரு முழத்தில்
ராத்திரியெல்லாம் ஃபேன் காற்று.

கடையில் தண்ணீர் குடிப்பதில்லை,
பாத்ரூம் சாவி சூப்பர்வைசர் மேசையில்.
உட்காரச் சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது,
ஸ்டூல் மேல் பிரிக்காத சுங்குடிக் கட்டு.
காட்டன் விற்கிறவளுக்கு யூனிஃபார்ம் சிந்தெடிக்.

பெரியாஸ்பத்திரி. டோக்கன் நாற்பத்தேழு.
டாக்டர் சின்னப் பெண், விரலில் பேனா மை.
"எத்தனை தடவை?"
கேஸ் புக்கை எடுத்துக் கொடுத்தேன்.
சிலிண்டர் வந்த தேதிகளுக்குப் பக்கத்தில்
நான் வைத்த பொட்டுகள்.
ஒரு வருடத்துக்குள் ஆறு.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
யாரும் என் கையெழுத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன கலர்?"
வாய் தானாகத் திறந்தது.
"ஆஃப் ஒயிட் இல்ல மேடம், சந்தனமும் இல்ல.
வெள்ளை. திரிஞ்ச பால் மாதிரி, கட்டி கட்டியா.
போன ஆடியில மட்டும்
சாம்பல் ஓடின வெள்ளை, தண்ணியா,
மீன் கழுவின வாடை."
பேனா நின்றது.
"அது வேற, இது வேற.
ரெண்டுக்கும் ஒரே டியூபா போட்டீங்க?"

ஒரு குச்சி, ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் ரத்தம்.
டெட்டால் வேண்டாம், உள்ளே சோப்பும் வேண்டாம்,
வெளியே கழுவத் தண்ணீர் போதும்.
அரிப்பு நின்றாலும் மாத்திரை நிற்கக் கூடாது,
பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம்.
"இதுல யார் தப்பும் இல்ல" என்றாள்
சீட்டில் எழுதிக்கொண்டே,
அதுவும் ஒரு மருந்தின் பேர் போல.

சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு.
முப்பத்தெட்டு வயதில்.
அதற்குத் தனியாக அழுதேன்,
பனகல் ரோடு பஸ் ஸ்டாப்பில், மூன்று பஸ்ஸை விட்டு.

இப்போது சனிக்கிழமை மாத்திரை. ஒன்பது போட்டாயிற்று.
நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
போயே போய்விட்டதா,
கேஸ் புக்தான் சொல்ல வேண்டும்.
சாவியைக் கேட்டு வாங்குகிறேன்.

நேற்று பட்டுப் பிரிவு இருளாயி அக்கா,
என்னைவிட ஆறு வயது மூத்தவள்,
கவுண்டர் விளிம்பில் இடுப்பை அழுத்தி நின்றாள்.
எனக்கு அந்த நிற்பு தெரியும்.
லிஃப்டில் வேறு ஆளில்லை.
"அங்கேயா" என்று கேட்கவில்லை.
"என்ன கலர்க்கா?" என்றேன்.
முறைத்தாள்.
முதல் மாடி கடந்தது.
கீழ்த்தளம் வருவதற்குள்
சொல்லிவிட்டாள்.