வால்வு சாவி

எங்கள் வட்டத்தில் எந்த மேன்ஹோல் மூடி ஆடும் என்று
ஏகவல்லிக்குக் காலால் தெரியும்.
கவுன்சிலராக இருந்த பத்து வருஷமும்
விடியற்காலை நாலு மணிக்கு என் போன் அடிக்கும்:
"ஜீவா நகர்ல தொறந்துட்டியா?"
தொறந்துட்டேன் என்று பொய் சொன்னால்
வெறுங்குடம் உருளும் சத்தம் கேட்கும்.
குழாயடியில் நின்றுதான் பேசுவாள்.

இப்போது எம்.எல்.ஏ.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
அவள் காரும் நிற்கிறது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

குடிதண்ணீரில் சாக்கடை கலப்பதைக்
கோட்டையில் கேட்டாளாம்.
இரண்டு நிமிஷம். மணி அடித்துவிட்டார்கள்.
"அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றார் அமைச்சர்.
மேசையைத் தட்டினார்கள்.
அவளும் தட்டினாள்;
அவள் கட்சி அமைச்சர்.

நேற்று உடற்பயிற்சிக் கூடம் திறக்க வந்தாள்.
சால்வைகள், ஆயிரம் வாலா,
பிளெக்ஸில் பாதி வயசு.
கத்தரிக்கோலை வாங்கப் போனவள்
ஓரத்தில் ஒரு மூடிமேல் கால் வைத்தாள்.

ஆடியது.

நாடாவை விட்டுவிட்டுக்
கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து
விரலால் கீழே காட்டினாள், பழையபடி.

தலையாட்டினேன்.
சாவி என்னிடம் இல்லை.
எங்கள் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டு
மூணு மாசம் ஆகிறது.
அவளிடம் யாரும் சொல்லவில்லை போல.