மூட்டு எண் 214

ருவைஸ். ஷட்டவுனின் பத்தொன்பதாம் நாள்.
ஆள் இறங்கி, மஞ்சள் கயிறு கட்டி, சைரன் அடித்த பிறகுதான்
எனக்கு வேலை.
பென்சில் முனையளவு இரிடியம்,
அதைக் கனத்த பெட்டியிலிருந்து வெளியே தள்ள ஒரு கைப்பிடி,
குழாயின் முதுகில் ஒட்டிய பிலிம்.
வெல்டின் வயிற்றுக்குள் குமிழி இருக்கிறதா என்று
படம் எடுத்துச் சொல்கிறவன் நான்.

பெர்மிட் வரவில்லை. மணி ஏழு.
ஷஅபான் இருபத்தொன்பது; பிறை தெரிந்ததா, நாளை நோன்பா,
எட்டு மணி நேரமா ஆறா என்று
எல்லோரும் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.
பைப் ஃபிட்டர் தொபியாஸ், மணப்பாட்டுக்காரர்,
வேறொரு நிலாவில் இருந்தார்.

"போனாம்னா பெறவு ஏன் போவல?
நம்ம கேம்ப் பஸ்ஸு ஏசி கேட்டு வரைக்கும் ஓட மாட்டேங்கு.
அங்க வெயில்ல கொதிக்குமாம், நிழல்ல உறையுமாம்,
அதுல ஒரு தகரப்பெட்டி மூணு நாளு நின்னுச்சாம்.
கேஸ்கெட்டு என்ன கேஸ்கெட்டு? போல்ட்டு டார்க்க எவன் பாத்தான்?
சரி, உம்ம சமாச்சாரத்துக்கே வாரேன்.
கதிர்வீச்சு உண்டுல்லா?
ஒரு பிலிமு கூடப் புகையலயே, அது எப்படி?
எல்லாம் படம் காட்டுதானுவ வே."

புகைந்த பிலிமை எனக்குத் தெரியும்.
போன வருஷம் ஹெல்ப்பர் குல்ஷேர்
புது டப்பாவைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.
நூறு தாளிலும் கார்த்திகை மாத வானம்.
எவ்வளவு கதிர், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்,
மூன்றையும் கேட்காமல்
புகையும் என்றோ புகையாது என்றோ சொல்லக் கூடாது என்றேன்.
"சொல்லுவீரு. படிச்ச ஆளு" என்றார்.
அது ஒத்துக்கொண்டதல்ல.

நான் சொல்லாதது ஒன்று உண்டு.
பொய்ப் படத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம்,
ஆயிரம் வாயைப் பூட்ட வேண்டாம்.
நேற்று விடிகாலை மூன்றரை.
214 முப்பதடி உயரத்தில்.
சாரத்தில் பச்சை அட்டை இல்லை.
குல்ஷேர் நின்றபடி தூங்கினான்.
213ஐயே இன்னொரு முறை எடுத்தேன்,
ஈய எழுத்தில் 3ஐ எடுத்துவிட்டு 4 வைத்து.
வியூவரில் அழகான படம்.
இரண்டிலும் ஒரே இடத்தில், கடுகளவு, ஒரே மச்சம்.
மேத்யூ சார் பார்த்தார். கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை ஹைட்ரோ டெஸ்ட்.
ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே வந்து
ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக் கேட்கும்.
அதனிடம் என் பிலிமைக் காட்ட முடியாது.
அங்கே போனவர்களையும் அப்படித்தான் கேட்டிருக்கும்,
காற்றே இல்லாத ஒன்று,
எவன் கையெழுத்தையும் படிக்காமல்.
அப்படியென்றால் எவனோ ஒருவன்,
பெயர் எங்கும் வராத ஒரு இன்ஸ்பெக்டர்,
தூக்கம் கண்ணைச் சொருக, கடைசி மூட்டுக்கும்
ஏணி ஏறியிருக்கிறான்.
கொடி ஆடியதா, நட்சத்திரம் ஏன் விழவில்லை,
அதெல்லாம் எனக்குச் சிக்கலே இல்லை.
இவனைத்தான்
என்னால் நம்ப முடியவில்லை.

போன்கள் ஒரே சமயத்தில் அதிர்ந்தன.
எங்கோ ஒரு குன்றின்மேல் நாலு பேர் பார்த்துவிட்டார்களாம்.
நாளை நோன்பு.
மேற்கே திரும்பினேன், ஃப்ளேர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
"அப்போ ஆறு மணி நேரம்!" தொபியாஸ் கைதட்டினார்.
நீர் பார்த்தீரா என்று கேட்டேன்.
"நாலு பேரு பாத்திருக்கான்லா வே."

பெர்மிட் வந்தது.
சாரத்தில் இன்று பச்சை அட்டை தொங்கியது.
கயிற்றை 214ஐயும் சுற்றிக் கட்டச் சொன்னேன்.
"அது நேற்றே முடிந்ததே, பாய்?" குல்ஷேர் இந்தியில் கேட்டான்.
ஏணியில் கால் வைத்துவிட்டேன். கம்பி இன்னும் சூடாக இருந்தது.
பிலிம் புகைந்துவிட்டது என்றேன்.

கயிற்றுக்கு வெளியிலிருந்து தொபியாஸ் கத்தினார்:
"பாத்தீரா? நான் சொல்லல?"