இடப்பெயர்ச்சி

காலையில் இந்தத் தகட்டின் மேல் நின்று போன லோரி
அறுபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு
இதே தகட்டின் மேல் வந்து நிற்கிறது.
தூரம் அறுபது. இடப்பெயர்ச்சி சுழியம்.
முதல் பாடம் அவ்வளவுதான்.
பகாவ் ஏழாங்கட்டை எண்ணெய் ஆலையில்,
எடைப்பாலத்துச் சன்னலுக்குப் பின்னால்,
எட்டு வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன்.

தாதிப் படிப்புக்கு இயற்பியல் எதற்கென்று
டிரைவர் அமிர்தலிங்கம் கேட்டார்.
ஊசி குத்தக் கணக்கு வேணுமா?
வேணும் அண்ணே.
ஆளைப் புரட்டிப் போட நெம்புகோல்,
சொட்டுமருந்து இறங்க உயரம்,
சக்கர நாற்காலி சரிவில் ஓடிவிடாமலிருக்க உராய்வு.
சொல்லிக்கொண்டே அவர் சீட்டை எழுதினேன்:
நிரம்பி பத்தொன்பது டன், காலி எட்டு, குலை பதினொன்று.
அவர் பிரேக்கை மிதித்தபோது
மேலே கிடந்த ஒரு குலை மட்டும் நிற்காமல் உருண்டு
கேபின் கூரையில் இடித்தது.
நிலைமம், என்றேன்.
சனியன், என்றார்.

புத்தகம் மலாய்.
விசைக்கு அதில் டாயா என்று பெயர்.
எத்தனை முறை வாசித்தாலும்
என் காதில் தயா என்றே விழுகிறது.
நிறை கூடக் கூட
அசைப்பதற்குக் கூடுதல் தயை வேண்டும்.
தப்பாகப் படிக்கிறேன் என்று தெரியும்.
திருத்திக்கொள்ள மனமில்லை.

செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று இருக்கும்.
ஆலை வேலிக்குப் பின்னால் மூன்றாம் நிரையில்
ரஃபிக்குல் அரிவாள் கழியை இழுத்தான்.
குலை இருபது கிலோ, மரம் பன்னிரண்டு மீட்டர்.
இதைப் பிறகுதான் கணக்குப் போட்டேன்,
விரல் நடுக்கம் நின்ற பிறகு:
இரண்டாயிரத்து நானூறு ஜூல்.
தரையைத் தொடும்போது
நொடிக்குப் பதினைந்தரை மீட்டர்.
தொட்டது தரையை அல்ல.

மிசி, மிசி என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.
நான் இன்னும் பரீட்சையே எழுதவில்லை.
கோலப்பிலாவிலிருந்து ஆம்புலன்ஸ்
நாற்பது நிமிடம் என்றது போன்.
துண்டை மடித்து,
வெளியே தெரிந்த எலும்பை விட்டு ஓரமாய்
அழுத்தினேன்.
முழங்கை மடங்காமல், தோள் நேராக,
என் கனம் தானாக இறங்கும்படி.
அவன் வங்காளத்தில் யாரையோ கூப்பிட்டான்.
நான் தமிழில் நிமிடங்களை எண்ணினேன்.

ஆற்றல் அழியாது என்கிறது புத்தகம்,
மாறும், அவ்வளவே.
கொஞ்சம் சத்தமாகியிருக்கும், கொஞ்சம் சூடாக.
கொஞ்சம் எலும்பைப் பிளந்ததில் தீர்ந்திருக்கும்.
மிச்சம்?
போனைப் பிடித்திருந்த மண்டோரின் கையில்,
கழியைக் கீழே போட மறந்து நின்ற
இன்னொருவனின் முட்டியில்,
ராத்திரி சோற்றைப் பிசையும்போது
என் மணிக்கட்டில்.

பரீட்சை சிரம்பானில்.
குளிரில் கால் விறைத்தது.
முப்பத்தோராவது கேள்வி:
ஒருவர் நூறு நியூட்டன் விசையால்
பத்து நிமிடம் சுவரைத் தள்ளுகிறார்.
சுவர் நகரவில்லை.
செய்த வேலை எவ்வளவு?

விடை எனக்குத் தெரியும்.
பென்சில்தான் வட்டத்துக்கு மேல் நின்றுவிட்டது.
நாற்பது நிமிடம்
என் கை நகரவில்லை, அவன் கால் நகரவில்லை,
ரத்தமும் நகரக் கூடாது,
அதுதானே அங்கே வேலை.

சுழியத்தைக் கறுப்பாக்கினேன்.
மதிப்பெண் வேண்டுமே.

போன வாரம் ரஃபிக்குலை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.
ஆறு வருடத்துக்கு முன் எந்த வாசலில் செருப்பு மாட்டினானோ
அந்த வாசலுக்கே.
கணக்குப்படி இடப்பெயர்ச்சி சுழியம்.
நிறை மட்டும் சற்றுக் கூடியிருக்கும்:
காலுக்குள் ஓர் இரும்புக் கம்பி.