வாத்தின் அலகு, குட்டிக் கரடி

பத்தொன்பது வருடமாக அதை ஓட்டுகிறேன்.
மெஹில்லோனஸ் துறைமுகத்தில் ஏற்றி
கலாமாவுக்கு மேலே தாமிரச் சுரங்கத்தில் இறக்குவேன்.
என் கால்சட்டை முழுக்க அதன் கையெழுத்து:
பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள்.
பெயர் மட்டும் தெரியாது.
வண்டியின் முதுகில் ஆரஞ்சுத் தகடு, அதில் 1830.
அப்படித்தான் கூப்பிடுவேன்.
"முப்பதுக்குள் தண்ணீரை ஊற்றிவிடாதே,
அதற்குக் கோபம் மூக்கு நுனியில்."

நாற்பத்தாறு வயதில் இரவுப் பள்ளி.
கம்பெனி சான்றிதழ் கேட்டது.
பக்கத்து மேசையில் நிகாசியா,
சுரங்க முகாமில் சலவை செய்பவள்.
அவள் தொட்ட பென்சிலும் குளோரின் வாடை வீசும்.

பலகையில் எழுதியிருந்தது:
ஆக்சிஜன் இல்லாவிட்டால் வால் 'ஈத்ரிகோ'.
HCl, குளோரீத்ரிகோ. அவ்வளவுதான்.
ஆக்சிஜன் இருந்தால்தான் வம்பு.
'ஆத்தோ' என முடியும் உப்புக்கு அமிலம் 'இக்கோ'.
'இத்தோ' என முடிந்தால் 'ஓசோ'.
எங்கள் பேச்சில் பாத்தோ வாத்து, பிக்கோ அதன் அலகு.
ஓசோ கரடி; சிக்கித்தோ என்றால் குட்டி.
வெல்டர்கள், ஒரு சமையல்காரர், ஒரு கல்லறைக் காவலாளி,
எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு
ஒரே குரலில் ஒப்பித்தோம்:
குட்டிக் கரடி! வாத்தின் அலகு!

நிகாசியாவின் வெளுப்புத் தண்ணீருக்கு இன்னும் நீளமான பெயர்.
ஆக்சிஜன் குறைந்துபோனால் முன்னால் ஓர் 'ஈப்போ' வருமாம்.
ஈப்போ என்றால் விக்கல்.
HClO: விக்கல் எடுக்கும் குளோர்க் கரடி.
அவள் சிரித்த சிரிப்பில்
அவளுக்கே விக்கல் வந்துவிட்டது.

ஹைட்ரஜனை எண்ணுவது எனக்குச் சுலபம்.
சல்ஃபேட்டுக்கு இரண்டு எதிர்க்குறி, ஆகவே இரண்டு ஹைட்ரஜன்.
கடனும் அடைப்பும் எனக்குத் தெரியாததா?
என்றாலும் பாஸ்பேட்டுக்கு இரண்டையே போட்டுவிட்டு எழுந்தேன்.
பாக்கி ஒன்று
சிவப்பு மையில் திரும்பி வந்தது.

ஜூன் மாதக் காற்று.
மணல் பெயின்டைத் தின்னும் மாதம்.
சோதனைச் சாவடியில் இளம் காவலர் ஒருவர்
காகிதத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
பூஜ்யத்தின் இடப்பக்கம் உதிர்ந்து,
நடுவில் கல் பட்டு நெளிந்து,
என் முப்பது
முப்பத்து மூன்றாகியிருந்தது.
கையேட்டைப் புரட்டினார்.
"1833. சல்ஃபூரோசோ. காகிதத்தில் வேறு இருக்கிறதே?"

"இதில் கரடி இல்லை, ஐயா. இது வாத்து" என்றேன்.
அவர் என் வாயருகே வந்து முகர்ந்தார். சாராய வாடை இல்லை.

தொட்டியின் விலாவில் விரல்கனத்துக்குப் புழுதி.
அதில் எழுதினேன்: H₂SO₃.
அதன் கீழே: H₂SO₄.
"அது கரடி. இது நான் கொண்டுபோவது.
நடுவில் ஓர் ஆக்சிஜன்தான் வித்தியாசம்."
சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
பத்தொன்பது வருடம் முதுகில் சுமந்தவனை
முதல்முறை முழுப்பெயர் சொல்லி
இன்னொருவருக்கு அறிமுகம் செய்கிறேன்.
அந்த நான்கை அவர் வெகுநேரம் பார்த்தார்.
பிறகு தகட்டுக்கு அபராதம் எழுதினார்.

கலாமா போவதற்குள் காற்று
என் இரண்டு வரிகளையும் துடைத்திருந்தது.

அன்றிரவு பள்ளி வாசலில் பொரித்த பூசணி ரொட்டி.
கதையைச் சொன்னேன்.
நிகாசியா வெங்காயத்தின் மேல் காடியை ஊற்றிக்கொண்டே
எண்ணெய் படிந்த காகிதத்தில் எழுதினாள்:
CH₃COOH.
"மற்றதிலெல்லாம் H முதல் ஆளாய் நிற்கும்.
இங்கே பார், புளிக்கிற H
வரிசையில் கடைசி."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
தெரியாது.
காகிதத்தை அவள் கசக்குவதற்குள் வாங்கி
சட்டைப் பையில் போட்டேன்.
ஓட்டை விழாத பையில்.