சில்லறைத் தட்டுப்பாடு

சின்சினாட்டி, 1863.
ஊரிலிருந்த சில்லறையைப் போர் தின்றுவிட்டது.
ரொட்டிக்கடை ரீமர்
தானே செம்பில் காசடித்தான்:
ஒரு பக்கம் தன் பெயர்,
மறுபக்கம் 'இதற்கு ஒரு ரொட்டி'.

நூற்று நாற்பது டாலருக்கு வாங்கினேன்.
விளிம்பில் பல் தடம்.
யாரோ நம்பாமல் கடித்திருக்கிறார்கள்,
அப்புறம் நம்பி, பைக்குள் போட்டிருக்கிறார்கள்.
ரொட்டி வாங்கியிருந்தால்
இது என்னிடம் ஏது?

"அப்போ ரீமர் உனக்குத்தானே பாக்கி,"
என்றாள் ஆர்லீன், தட்டு கழுவியபடி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.
கட்டணப் பெட்டி
நாணயம் மட்டும்தான் வாங்குமாம்.
சட்டைப்பை, கால்சட்டைப்பை, இருக்கை இடுக்கு,
எங்கும் ஒரு சென்ட் இல்லை.

உள்ளங்கையில் இது மட்டும்,
வியர்த்து.
பெட்டியின் வாயும்
ஏறக்குறைய இதே அளவு.